ஒன்றாம் நம்பர் சீட்

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஆபீஸ் ஏர்கோன் மறுபடியும் சொட்டுகிறது. ஏழு மேசை இருக்கிற இடத்தில் என் மேசையைத்தான் பார்த்துச் சொட்ட வேண்டுமா? கீபோர்டைத் தள்ளிவிட்டு வாளி வைத்தேன்.

ஒன்பது மணிக்குள் சப்போர்ட் ஃபோன் மூன்று தடவை. மூன்றும் எங்கள் புரோகிராமை வைத்திருக்கிற கிளினிக்குகள்.

"மேடம், ஸ்கிரீன் வெள்ளையா போச்சு."

"ரிஃபிரெஷ் பண்ணுங்க."

"ஆ, வந்துருச்சு."

பதினாலு வருஷமாக இதே மூன்று வரி. நான் செத்தாலும் அந்த ஃபோனை என்னோடு வைத்துத்தான் எரிப்பார்கள்.

பத்து மணிக்கு லியோங் கூப்பிட்டார். கம்பெனி அவருடையது. அவர் அப்பா பீடோர் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் சீனரான லியோங் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால்தான் கன்டனீஸ். இன்று தமிழ், நல்ல வேளை.

"மல்லிகா, வியாழக்கிழமை பட்டறைக்கு வர வேண்டிய கேஎல் ஆளுக்கு டெங்கியாம். நீ செய்யி."

"நானா?"

"புது ஃபிரேம்வொர்க்குல கிளினிக் ஸ்கிரீன மாத்தி எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீதான் லா."

ஃபிரேம்வொர்க் (கை வலிக்கிறது, இனி ஃபி.வொ.) பற்றி மற்ற கம்பெனி புரோகிராமர்களுக்கு அரைநாள் அறிமுகம், கோலாலம்பூர் பயிற்சியாளர் நடத்த வேண்டியது. ஈப்போ, தைப்பிங், முப்பது பேர். பழைய முறையில் எதைத் தொட்டாலும் முழுப் பக்கமும் போய்த் திரும்பி வர வேண்டும். கிளினிக்குகளில் இன்னும் பழையதுதான், அந்த இடைவெளியில்தான் எல்லாம் வெள்ளையாகி எனக்கு ஃபோன் வருகிறது. ஃபி.வொ.வில் மாற வேண்டிய இடம் மட்டும் மாறும், மற்றது அசையாது. இதை எனக்குச் சொல்லத் தெரியும். ஒரு ஆளிடம் என்றால் தெரியும். முப்பது ஆளிடம்?

லியோங் கதவுவரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "நல்லா வந்துச்சுன்னா இனிமே ட்ரெய்னிங் எல்லாம் உனக்கு. தைப்பிங், தெலுக் இந்தான், எல்லா இடமும். சப்போர்ட் ஃபோன் வேற ஆளுக்கு. சரியா வரலைன்னா கேஎல் ஆளையே வருஷத்துக்குப் பேசி வச்சிர்றேன்."

சப்போர்ட் ஃபோன் வேற ஆளுக்கு. இந்த நாலு வார்த்தையை நாள் பூராவும் வாய்க்குள்ளேயே வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மேடை. பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்று படிக்கும்போது பேச்சுப் போட்டி. "மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே" வரை சொன்னேன். அதற்கு அடுத்த வரியை இன்றுவரை சொல்லவில்லை.

செய்ய வேண்டியது:
ஸ்லைடு.
டெமோ.
தலைக்கு டை.
தைரியம் (எங்கே விற்கிறது?)

ஜூன் 9, செவ்வாய்

மத்தியானம் நல்ல மழை. வாளி நிரம்பியது.

டெமோவுக்கு என்ன காட்டுவது? உலகத்தில் எல்லாரும் ஒரே டெமோவைத்தான் காட்டுகிறார்கள்: செய்ய வேண்டிய வேலைப் பட்டியல். பால் வாங்கு, முட்டை வாங்கு, டிக் அடி. பார்க்கிறவனுக்குத் தூக்கம்தான் வரும். ஸ்டீபனிடம் கேட்டேன். பக்கத்து மேசை, தெலுக் இந்தான்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். மேடை என்றால் அவனுக்குப் பச்சைத்தண்ணி.

"அக்கா, சண்டை இருக்கிற விஷயமா எடுங்க. அப்பதான் பாப்பாங்க."

சண்டை என்றதும் சுப்ரா அண்ணன் ஞாபகம் வந்தது. அழைத்த மாதிரி அவரே ஃபோன் அடித்தார். என் கூடப்பிறந்தவர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார், கோயில் கமிட்டிச் செயலாளர். சுங்காய் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டம் முழுக்கச் செம்பனையாகிவிட்டது. முனியாண்டி கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஈப்போவிலிருந்து ஒரு பஸ். இந்த ஞாயிறு. நாற்பத்து நாலு சீட், நாற்பத்து மூன்று பேர், நாற்பத்து மூன்று பேருக்கும் முன்னாடி உட்கார வேண்டும்.

"காலையில இருந்து ஃபோன் மேல ஃபோன் மா. லெட்சுமி சின்னம்மாவுக்கு வாந்தி வருமாம், முன்சீட்டு வேணுமாம். பார்வதி அக்காவுக்கு லெட்சுமி சின்னம்மா பக்கத்துல இருந்தா வாந்தி வருமாம். நான் என்னா செய்யிறது? கயித்துல தொங்கவா?"

"தொங்காதீங்க அண்ணே. ஒரு வழி இருக்கு."

சாயங்காலம் நாலு மணி நேரத்தில் பஸ்ஸையே கட்டிவிட்டேன். திரையில் பஸ்ஸின் படம், சீட் நம்பரோடு. பச்சை என்றால் காலி. ஒருவர் தன் கைப்பேசியில் சீட்டைத் தொட்டுப் பெயரும் ஃபோன் நம்பரும் போட்டால், அதே நொடியில் எல்லார் கைப்பேசியிலும் அந்த சீட் சிவப்பாகிப் பெயர் வந்துவிடும். 'குறிப்பு' என்று ஒரு கட்டமும் வைத்தேன், ஜன்னல் ஓரமா நடுவா என்று எழுதிக்கொள்ள. நானும் என் இரண்டாவது கைப்பேசியும் சீட்டுக்குச் சண்டை போட்டுப் பார்த்தோம். அழகாக இருந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

சுப்ரா அண்ணனுக்கு (இனி சு.அ.) லிங்க் அனுப்பினேன். "டெஸ்ட்தான் அண்ணே, யாருக்கும் அனுப்பிறாதீங்க."

"சே சே."

மீதி வேலை: பட்டறைக்கு ஒரு பிரதி, கோயிலுக்கு ஒரு பிரதி என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். நாளை. ரத்து செய்யும் பட்டன்? டெமோதானே, வேண்டாம்.

ஜூன் 10, புதன்

வெயில். டை அடித்தேன். காதிலும் கொஞ்சம்.

பேச்சை வீட்டுக்காரருக்குச் சொல்லிக் காட்டினேன், வீடியோ கால். அவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார், மத்தியான ஓய்வில் இருந்தார். ஐந்தாவது ஸ்லைடில் கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். குறட்டை.

ஆபீஸ் பேன்ட்ரியில் ஸ்டீபனுக்கு இரண்டாம் தடவை. அவன் தூங்கவில்லை. ஆனால் சொன்னான்:

"அக்கா, கை ரெண்டையும் என்னா பண்றீங்க? பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரியே இருக்கு."

"வேற எங்க வச்சிக்கிறது?"

"அப்புறம், 'பகுதிவாரிப் புதுப்பிப்பு'ன்னா எவனுக்கும் ஏறாது. ரொட்டி சானாய் சொல்லுங்க."

நல்ல யோசனை, குழம்பு ஊற்றிச் சாப்பிடும் பரோட்டாவைத் தெரியாதவர் யார்? எழுதிக்கொண்டேன்: கொழம்பு தீந்தா தட்ட மாத்துறதில்ல, கொழம்ப மட்டும் ஊத்து.

சு.அ. மூன்று தடவை ஃபோன். சீட் எடுத்தவர்களுக்குத் தானாகப் போகும் உறுதிச் செய்தியைத் தானே எழுதித் தருவாராம். எழுதியும் அனுப்பிவிட்டார்:

"உங்கள் சீட் உறுதி. ஞாயிறு காலை மணி 6-க்கு சந்தை வாசல். வெள்ளிக்கிழமை முதல் மச்சம், மாமிசம் கூடாது. தலையணை, எலுமிச்சம்பழம் இரண்டு கொண்டு வரவும். தாமதமாக வருபவர்களை சாமி மன்னிப்பார், பஸ் மன்னிக்காது."

அப்படியே போட்டேன். சனிக்கிழமை மாலை இதே செய்தி நினைவூட்டலாக இன்னொரு முறை போகும். ஃபி.வொ.வில் இரண்டு வரி வேலை.

பிரதி பிரிக்கும் வேலை மிச்சம். நாளைக் காலை ஐந்து நிமிஷம் போதும்.

 

ஜூன் 11, வியாழன்

சாயங்காலம்.  வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

8.45. ஹோட்டல் இரண்டாம் மாடி. முப்பது நாற்காலி, முப்பதிலும் ஆள். தோட்டத்துக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். லியோங் முதல் வரிசை, நட்டநடு. புரொஜெக்டர் வயர் பொருந்தவில்லை. பிரதி பிரிக்க வைத்திருந்த ஐந்து நிமிஷத்தை வயர் தின்றது.

9.00. "குட் மார்னிங்" சொன்னேன். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. படிவம் மூன்று திரும்பி வந்து பக்கத்தில் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.  கடைசி வரிசையில் ஸ்டீபன் எழுந்து, ஒரு கையால் ரொட்டியைப் பிய்ப்பது போலவும் இன்னொரு கையால் குழம்பு ஊற்றுவது போலவும் காட்டினான். அவன் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

9.03. ரொட்டி சானாய் கதை சொன்னேன். பாதி இங்கிலீஷ், பாதி மலாய். நாலு பேர் சிரித்தார்கள். லியோங் சிரிக்கவில்லை.

9.10 முதல் 10 வரை ஸ்லைடு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவர் கொட்டாவி. கொட்டாவி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. லியோங் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, அந்த ஃபோனோடுதான் எரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

10.00. டெமோ. பஸ் படத்தைப் பெரிய திரையில் போட்டு, லிங்க்கைக் காட்டி, எல்லாரும் ஒரு சீட் எடுங்கள் என்றேன். பச்சை சிவப்பானது. 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'எலி', 'பசி'. கொஞ்சம் உயிர் வந்தது. ஓ என்றார்கள்.

10.04. சீட் 3: லெட்சுமி. குறிப்பு: "வாந்தி வரும்."

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

சீட் 9: பார்வதி. குறிப்பு: "லெட்சுமி எங்க இருக்காளோ அங்க இருந்து தூரம்."

 அது எவனும் இல்லை. அது பார்வதி அக்காவேதான்.

பிறகு தெரிந்தது: சரியாகப் பத்து மணிக்கு, ஃபோன் தொல்லை தாங்காமல், சு.அ. அந்த லிங்க்கைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். "புக்கிங் திறந்தாச்சு. முந்துறவங்களுக்கு முன்சீட்." சே சே என்றாரே, அந்த மனிதர்!

10.06. ஒரே பஸ்ஸுக்குள் இரண்டு கூட்டம். இங்கே முப்பது புரோகிராமர், அங்கே ஈப்போ முழுக்க நாற்பத்து மூன்று பக்தர். இவர்கள் விளையாட்டுக்குத் தொடுகிறார்கள், அவர்கள் உயிரைக் கொடுத்துத் தொடுகிறார்கள். குறிப்புகள் கொட்டின. "மூட்டு வலி, படி பக்கம்." "போன வருஷம் என் சீட்டுல உக்காந்த சண்முகம் இந்த வருஷம் கடைசிக்குப் போகட்டும்." "சண்முகம்: போகமாட்டேன்." தமிழ் தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்க, ஸ்டீபன் முன்னால் ஓடிவந்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னான். கூடம் அதிர்ந்தது. கொட்டாவி விட்டவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே சீட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று தைப்பிங் ஆள் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சீட் 7-இல் அவரும் சண்முகமும் மோதினார்கள். சண்முகத்துக்குக் கிடைத்தது, இவருக்கு 'மன்னிக்கவும்' வந்தது. "திஸ் அங்கிள் இஸ் ஃபாஸ்ட்" என்றார் அவர். நான் விளக்கினேன். நடுக்கம் இல்லாமல் விளக்கினேன் என்பதே இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

10.11. சீட் 1: லியோங்.

இதை எப்படி எழுதுவது? பஸ்ஸின் ஒன்றாம் நம்பர் சீட் முனியாண்டி சாமிக்கு. சாமியின் அருவாள் ஈப்போவில் சு.அ. வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. திருவிழாவுக்கு அது பஸ்ஸில் வரும், தட்டில், சிவப்புத் துணி சுற்றி, சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைத்து. டிரைவருக்குப் பக்கவாட்டில் முதல் சீட்டில் வெள்ளைத் துணி விரித்து வைப்பார்கள். அதில் ஆள் உட்காரக்கூடாது என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா? நாற்பத்து மூன்று பேரும் சீட் 2-க்கு அடித்துக்கொண்டார்கள், ஒருவர்கூட 1-ஐத் தொடவில்லை. எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், வாந்தி சின்னம்மாவுக்குத் தெரியும். புரோகிராமுக்கு மட்டும் நான் சொல்லவில்லை.

குழுவின் செய்திகள் என் மடிக்கணினிக்கும் வரும். பெரிய திரையின் மூலையில் ஒவ்வொன்றாக விழுந்தன.

"யாரு அந்த லியோங்?"

"சாமி சீட்டுல எவனோ ஏறிட்டான்!"

"ஐயோ சுப்ரா, என்னா இது!"

என்னையறியாமல் கத்தினேன். மைக்கில். தமிழில்.

"பாஸ்! எந்திரிங்க! அது சாமி சீட்டு!"

லியோங் எழுந்துவிட்டார். நிஜமாகவே, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்து, கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.  ஸ்டீபன் மெதுவாக மொழிபெயர்த்தான். அப்புறம் எழுந்த சிரிப்பில் கீழ்மாடி ஆள் வந்து கதவைத் திறந்து பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, என்மேல்தான். கோபம் வந்தால் எனக்குப் பயம் நினைவுக்கு வராது போலிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் புரோகிராம் கோடைத் திறந்து, ஒன்றாம் சீட்டைப் பூட்டும் வரிகளை அங்கேயே எழுதினேன். எழுதிக்கொண்டே சொன்னேன்: பாருங்கள், எல்லாருக்கும் தெரிந்த விதியைத்தான் நம்மிடம் யாரும் சொல்லமாட்டார்கள், போய்க் கேட்க வேண்டும். அனுப்பினேன். பக்கம் அசையவில்லை, வெள்ளையாகவில்லை. முப்பது கைப்பேசியிலும் சீட் 1 மட்டும் சாம்பல் நிறமானது. குழுவில் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. கூடத்தில் கைதட்டல்.

இரண்டாம் வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். சீட்டைப் பூட்டிவிட்டீர்கள், சரி, ஆனால் அவர் உள்ளே இருக்கிறாரே, எப்படி வெளியே வருவார்?

ரத்து பட்டன். டெமோதானே, வேண்டாம்.

பூட்டியாச்சு. உள்ளே லியோங்.

11.45 வரை கேள்விகள். என் புரோகிராமைக் கேட்டு ஒன்பது பேர். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் முதல் வரிசை நடு நாற்காலி காலி. லியோங் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். முப்பது பேர் முன்னால் முதலாளியை அதட்டி எழுப்பியிருக்கிறேன். அதுவும் மைக்கில்.



ஜூன் 12, வெள்ளி

மேகமூட்டம். லியோங் ஆபீஸுக்கு வரவில்லை. தைப்பிங்காம்.

காலை முழுக்க பஸ்ஸைச் சுத்தம் செய்யும் வேலை. 'எலி', 'பசி' எல்லாம் சுலபம், அழித்தேன். நிஜப் பெயர்கள்தான் சிக்கல். ராஜூ இரண்டு, சிவா மூன்று, குமார் இரண்டு. யார் புரோகிராமர், யார் பக்தர்? ஒவ்வொரு நம்பருக்கும் ஃபோன்.

"வணக்கம், நீங்க டெவலப்பரா, பக்தரா?"

"ரெண்டும்தான் அக்கா. ஏன்?"

இப்படி ஒருவர். இன்னொருவர், லாரி ஓட்டும் சிவா, டெவலப்பர் என்றால் வீடு கட்டி விற்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, பெர்ச்சாமில் நிலம் விலை கேட்டார்.

பத்தரைக்கு ஸ்டீபன் வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

"அக்கா, பாஸ் ஃபோன் பண்ணாரு."

"என்னா சொன்னாரு?"

"அந்த கேஎல் ஆளு நம்பர் கேட்டாரு."

அவ்வளவுதான். வேறெதற்குக் கேட்பார்? டெங்கி தேறிவிட்டதா என்று பார்க்கவா? ஸ்டீபன் ஒரு தே தாரேக் டீ வாங்கித் தந்தான், எனக்குப் பிடித்த மாதிரி சீனி குறைவாக. சாவு வீட்டில் தருகிற மாதிரி தந்தான்.

சப்போர்ட் ஃபோன்: ஆறு. ஆறும் வெள்ளை.

மாலைக்குள் எல்லாரையும் பிரித்துவிட்டேன். மிச்சம் ஒரே ஒரு ஆள், சீட் 1. ஒரு வரி எழுதினால் அழிந்துவிடும். கை வரவில்லை. திங்கட்கிழமை அவர் என்னை அழிக்கப் போகிறார், அதற்குள் நான் எதற்கு அவரை?

சு.அ. ஃபோன். "அந்த லியோங்க எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு அண்ணே." பொய்.

ஜூன் 13, சனி

மழை தூறல். எலுமிச்சம்பழம் இரண்டு, தலையணை உறை, கற்பூரம் வாங்கினேன். லியோங்கிடமிருந்து ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை தூங்காமல் கேட்டார். வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"போனா போவுது லா. பதினாலு வருஷம் எடுத்த ஃபோனுதானே."

அதற்குத்தான் அழுகை வந்தது. பதினாலு வருஷம் தாங்கியது வேறு. வியாழக்கிழமை ஒன்றே முக்கால் மணி நேரம் வேறு ஆளாக இருந்து பார்த்துவிட்டேனே, இனி எப்படித் திரும்பிப் போய் அந்த ஃபோனை எடுப்பது? எனக்கு அந்த வேலை வேண்டும். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம். வேண்டும்.

6.00. நினைவூட்டல் செய்தி எல்லாருக்கும் போனது. என் கைப்பேசியிலும் வந்தது. மச்சம் கூடாது, தலையணை, எலுமிச்சம்பழம்.

6.01. எல்லாருக்கும் என்றால் சீட் 1-க்கும்.

ஜூன் 14, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். இப்போது கம்பார் தாண்டுகிறோம். மலையில் பனி.

காலை 5.50, சந்தை வாசல். பாதிப் பேர் ஏறியாச்சு. சு.அ. அருவாள் தட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பக்தியோடு நிற்கிறார். ஒரு கார் வந்து நின்றது. லியோங் இறங்கினார். வெள்ளைச் சட்டை, காலில் செருப்பில்லை. கக்கத்தில் பூப்போட்ட தலையணை. கையில் எலுமிச்சம்பழம், இரண்டுக்குப் பதில் ஒரு பை நிறைய.



"வெள்ளிக்கிழமையில இருந்து மச்சம் சாப்பிடல" என்றார், எல்லாருக்கும் பொதுவாக. கைப்பேசியை நீட்டினார். "சீட் ஒன்னு. உறுதின்னு வந்திருக்கு."

பஸ் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. சு.அ. என்னைப் பார்த்த பார்வையில் அருவாளுக்கு வேலையே இல்லை.

"எறக்கியாச்சுன்னியே!"

"அண்ணே..."

"மத்த சீட்டெல்லாம் புக்காயிருச்சு. சாமி சீட்டுல எப்படி உக்கார வைக்கிறது? கமிட்டி என்னைய வெட்டிப் போட்டுரும்!"

கமிட்டி என்பது சு.அ.வும் சண்முகமும்தான். சண்முகம் சீட் 7-ஐ விட்டு இறங்க மறுத்ததால் கூட்டம் நடத்த முடியவில்லை. யார் என்ன சொல்வது என்று தெரியாமல் எல்லாரும் நின்றபோது, சீட் 3-இல் பிளாஸ்டிக் பையைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்த லெட்சுமி சின்னம்மா தலையை வெளியே நீட்டினார்.

"ஏன்டா சுப்ரா, போன வருஷம் பிரேக் அடிச்சப்ப தட்டு கீழ விழுந்துச்சா இல்லியா? அந்த ஆளு உக்காந்து மடியில வச்சிக்கட்டும். சாமிக்கும் புடிமானம்."

"சரியாத்தான் சொல்லுறா" என்றார் சீட் 9-இலிருந்து பார்வதி அக்கா. மூன்று வருஷத்தில் லெட்சுமி சின்னம்மாவைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சு.அ. வெள்ளைத் துணியை சீட்டிலிருந்து எடுத்து லியோங் மடியில் விரித்தார். தட்டை வைத்தார். லியோங் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க டத்தோ கோங் சாமி மாதிரிதான் லா. எங்க கடை பின்னாடியும் இருந்துச்சு, நான்தான் சின்ன வயசில அதுக்குத் தே-ஓ டீ வைப்பேன்." அதற்குப் பிறகு முதுகு சீட்டில் படாமல் நேராக உட்கார்ந்தவர்தான், ஈப்போவிலிருந்து இதுவரை அசையவில்லை. எங்கள் ஆட்களே இவ்வளவு பயபக்தியாக வந்ததில்லை.

நான் எழுந்து போய் சீட் 1 பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச வேண்டும். இந்தத் தடவை முதல் வரிக்கு அடுத்த வரியும் வந்தது.

"பாஸ், மன்னிச்சிருங்க. அன்னிக்கு மைக்குல கத்திட்டேன்."

"நான்தான் தெரிஞ்சே உக்காந்தேன்."

"என்னா?"

"எங்கப்பா கடை முன்னாடிதான் சாமி கும்பிடப் போற உங்க ஆளுங்க லாரி நிக்கும். முன்சீட்டு காலியா போவும். ஏன்னு எனக்குத் தெரியும் லா. ஆனா உன் புரோகிராம் உக்காருன்னு விட்டுச்சு. நீ புடிக்கிறியான்னு பாத்தேன்." தட்டைப் பார்த்துக்கொண்டார். "நீ கத்துவேன்னு நெனைக்கல. பயந்துட்டேன்."

"அப்புறம் ஏன் ஒன்னும் சொல்லாம போயிட்டீங்க?"

"தைப்பிங்ல ரெண்டு கம்பெனி அப்பவே ஃபோன் பண்ணிட்டான். அடுத்த மாசம் உன்னைய கேக்குறான். பஸ் டெமோதான் வேணுமாம். போயி பேசிட்டு வந்தேன்."

"கேஎல் ஆளு நம்பர் கேட்டீங்களாமே?"

"வராதன்னு சொல்ல நம்பர் வேணாமா?"

 பின்னாலிருந்து லெட்சுமி சின்னம்மா, "என்னா மல்லிகா அழுவுற, வாந்தி வருதா?" என்று பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சும்மா, மரியாதைக்கு.

தாப்பா. லியோங்குக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் போல, முகத்தில் தெரிகிறது. தட்டை யாரிடமும் தரமாட்டேன் என்கிறார்.

பீடோர் தாண்டி என் பையில் சப்போர்ட் ஃபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் திறக்கிற கிளினிக் ஒன்று உண்டு. பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போனது. லியோங் தட்டிலிருந்து ஒரு கையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"குடு."

"பாஸ், நான்..."

"குடு லா. இனிமே அது உன் வேலை இல்ல."

கொடுத்தேன். ஒரு கையில் சாமி, ஒரு கையில் ஃபோன்.

"ஹலோ. ஆ. வெள்ளையா? ரிஃபிரெஷ் பண்ணுங்க."

காத்திருந்தார். எதிர்ப்பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். லியோங் முகம் மெல்ல மாறியது. ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மல்லிகா, வரலையாம். இதுக்கு மேல என்னா சொல்லணும்?"

"சாமி உங்க மடியிலதானே பாஸ் இருக்கு. கேளுங்க."